வாசிக்கத் தெரியாதவர் கிட்டார் ஆசிரியரை எடைபோடுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 31. கோவையில் வேலை. சில மாதங்களுக்கு முன் ஸ்டீல் கம்பி போட்ட ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி, காணொளிகளைப் பார்த்து நான்கைந்து கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கப் பழகியிருக்கிறீர்கள். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் பாட்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நகரவில்லை. இப்போது மூன்று பேர் கண்ணில் பட்டிருக்கிறார்கள்: பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மெல்லிசைக் குழுக் கலைஞர், கிரேடு தேர்வுக்கு, அதாவது படிப்படியான இசைத் தேர்வுக்குத் தயார்செய்யும் ஓர் இசைப் பள்ளி, இணையவழி வகுப்பெடுக்கும் ஒருவர். இவர்களில் யாரிடம் சேர்வது, சான்றிதழைப் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களை உறுத்துவது வேறொன்று என்று படுகிறது. 'எனக்கே வாசிக்கத் தெரியாதபோது, எதிரே இருப்பவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?' கடினமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது.

நான் திருச்சியில் பல ஆண்டுகளாகக் கிட்டார் கற்பித்து வருகிறேன். கற்றது கிளாசிக்கல், கற்பிப்பது பெரும்பாலும் அக்கூஸ்டிக், அதுவும் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு. வேலைக்குப் போகும் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சரிபாதியாக வருவார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் லீட் வாசிப்பதோ ஜாஸோ என் துறை இல்லை. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட மூவரில் யாரையும் எனக்குத் தெரியாது என்பதால், இவரிடம் போங்கள் என்று விரல் நீட்டவும் முடியாது. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆசிரியர் இல்லாமலே கற்க முடியாதா என்றால், முடியும். கிளாசிக்கல் கிட்டாரை உலகக் கச்சேரி மேடைகளில் நிலைநிறுத்திய ஆந்த்ரேஸ் செகோவியா பெரும்பாலும் தானே கற்றவர். வெஸ் மான்ட்கோமரி நொட்டேஷன் (இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாமலே, பிக் என்ற மீட்டும் தகட்டைத் தொடாமல் கட்டைவிரலால் மீட்டியே ஜாஸ் உலகில் பெயர் வாங்கினார். ஆனால் காணொளிக்கு ஒரு குறை உண்டு: நீங்கள் அதைப் பார்க்கலாம், அது உங்களைப் பார்க்காது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கிட்டாரில் இது அப்படியே உண்மை. இடக்கைக் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, அது எங்கே அழுத்துகிறது என்பது வாசிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. சில மாதங்களில் உங்கள் முன்னேற்றம் நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படிப் பார்வைக்குத் தப்பிய ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். ஆசிரியருக்கு நீங்கள் பணம் கொடுப்பது முதன்மையாக அந்தக் கண்ணுக்காக. எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற தகவல் இன்று இலவசமாகவே கிடைக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒருவர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பது ஏன் தவறான அளவுகோல் என்று விளங்கும். உங்கள் தெரு மெல்லிசைக் கலைஞர் முதல் நாளே ஒரு சோலோவை வாசித்துக் காட்டுவார். நீங்கள் வாய் பிளப்பீர்கள். அதில் தெரிந்துகொண்டது அவருக்கு வாசிக்க வரும் என்பது மட்டும். சிறு வயதிலேயே கை பழகியவர்களுக்குத் தங்கள் விரல் எப்படி அந்த இடத்துக்குப் போகிறது என்பது பல நேரம் தெரியாது. கேட்டால் 'வாசிக்க வாசிக்க வந்துவிடும்' என்பார்கள். அவர்களுக்கு அப்படித்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. மறுபக்கம், சென்னை மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர்களில் இளையராஜாவும் ஒருவர். இன்று தன்ராஜ் மாஸ்டரின் பெயரைச் சொல்பவர்கள் அவர் எந்த மேடையில் வாசித்தார் என்று பேசுவதில்லை. அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள் என்றுதான் பேசுகிறார்கள். ஆசிரியரை அளக்க அதுதான் சரியான கோல்.

ஆகவே மூவரிடமும் முதலில் கேட்க வேண்டியது இது: உங்களிடம் ஆறு மாதமாகக் கற்கும் ஒருவர் வாசிப்பதை நான் கேட்கலாமா? பத்தாண்டு கற்ற நட்சத்திர மாணவரைக் காட்டினால் பயனில்லை. அந்தப் பிள்ளை யாரிடம் போயிருந்தாலும் தேறியிருக்கலாம். ஆறு மாதக்காரர், அதுவும் உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு கற்பவர் வேண்டும். அவர் என்ன வாசிக்கிறார் என்பதைவிட, கார்ட் மாறும் இடத்தில் தாளம் அறுபடுகிறதா என்று காலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். இதற்கு இசை ஞானம் தேவையில்லை. உங்கள் கால் தட்டுவதை நிறுத்த வேண்டியிருந்தால் அவர் தடுமாறுகிறார் என்று பொருள். எளிய இரண்டு கார்ட் பாட்டாக இருந்தாலும் கடைசிவரை நிற்காமல் ஓடினால், அந்த ஆசிரியர் அடித்தளத்தை ஒழுங்காகப் போடுகிறார். கடினமான பாட்டின் முதல் நான்கு வரியை மட்டும் பிய்த்துப் பிய்த்து வாசித்தால், மாணவரை மகிழ்விக்க ஆசிரியர் அவசரப்பட்டிருக்கிறார்.

அடுத்தது, காசு கொடுத்து ஒரே ஒரு வகுப்பு. 'டெமோ' என்று இலவசமாகக் கொடுப்பார்கள்; அது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. ஒரு வகுப்புக்கான பணத்தைக் கொடுத்து, முழு வகுப்பும் கேளுங்கள். போகும்போது உங்களுக்கு நின்றுபோகும் இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், சரிசெய்து காட்ட முயல வேண்டாம்.

அங்கே என்ன பார்ப்பது என்பதற்கு டி கார்டை எடுத்துக்கொள்வோம். (மிக மெல்லியது முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது; ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை.) சுட்டுவிரல் மூன்றாவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில், மோதிர விரல் இரண்டாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில், நடுவிரல் முதல் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பிடித்தால் பெரும்பாலும் முதல் கம்பி ஒலிக்காது, 'டப்' என்று செத்த சத்தம் வரும். காரணம், மோதிர விரல் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து, அடுத்திருக்கும் முதல் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓர் ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு 'இன்னும் அழுத்திப் பிடியுங்கள்' என்பார். நீங்கள் அழுத்துவீர்கள், விரல் வலிக்கும், சத்தம் மாறாது. இன்னொருவர் எழுந்து வந்து உங்கள் கையைப் பார்ப்பார். ஒவ்வொரு கம்பியாக மீட்டச் சொல்வார். பிறகு, 'நகம் நீளமாக இருக்கிறது, அதனால் விரல் நுனி கம்பியில் நேராக இறங்கவில்லை, படுக்கிறது' என்றோ, 'மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள், விரல் வளையும்' என்றோ, 'கட்டைவிரல் மேலே ஏறிவிட்டது, கழுத்தின் பின்பக்கம் நடுவில் வையுங்கள்' என்றோ சொல்வார். அந்த இடத்திலேயே சத்தம் திறக்கும். காரணத்தைச் சொன்னவர், அழுத்தச் சொன்னவர்: இந்த வேறுபாட்டைக் கிட்டாரே தெரியாதவரும் உணர முடியும், ஏனென்றால் சத்தம் வந்ததா இல்லையா என்பது உங்கள் காதிலேயே கேட்கிறது.

உங்கள் குறையான கார்ட் மாற்றத்தையும் இதே போலச் சோதிக்கலாம். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போவதில் திணறுவதாக எழுதியிருக்கிறீர்கள். காணொளிகளில் ஜி கார்டை நடுவிரல் ஆறாவது கம்பியிலும் சுட்டுவிரல் ஐந்தாவது கம்பியிலும் மோதிர விரல் முதல் கம்பியிலும் வைத்துக் காட்டுவார்கள். தவறில்லை. ஆனால் அங்கிருந்து சி கார்டுக்குப் போக மூன்று விரலும் இடம் பெயர்ந்து உருவமே மாற வேண்டும். அதே ஜி கார்டை மோதிர விரல் ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட், நடுவிரல் ஐந்தாவது கம்பியின் இரண்டாம் ஃபிரெட், சுண்டுவிரல் முதல் கம்பியின் மூன்றாம் ஃபிரெட் என்று பிடித்துப் பாருங்கள். சி கார்டுக்கு மோதிர விரலும் நடுவிரலும் அதே ஃபிரெட்டில் ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும். சுண்டுவிரலை எடுத்துவிட்டு, சும்மா இருந்த சுட்டுவிரலை இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் வைத்தால் சி வந்துவிடும். சுண்டுவிரல் முதல் இரண்டு வாரம் அடம்பிடிக்கும், பிறகு வழிக்கு வரும். இந்த இரண்டு பிடியும் இருக்கின்றன என்று தெரிந்து, உங்கள் பாட்டில் ஜி கார்டுக்குப் பிறகு எது வருகிறது என்று பார்த்து, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர் ஆசிரியர். 'பயிற்சி செய்தால் வேகம் வரும்' என்று மட்டும் சொல்பவரிடம் நீங்கள் காசு கொடுத்து நேரத்தைத்தான் வாங்குகிறீர்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த முக்கால் மணி நேரத்தில் யார் கிட்டார் அதிகம் ஒலித்தது? அவருடையது என்றால் நீங்கள் போனது சின்னக் கச்சேரிக்கு. இன்னொன்று: வீட்டில் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல உங்களால் முடிகிறதா? 'ஜியும் சியும் பழகுங்கள்' என்பது பணி ஆகாது. 'தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள், நான்கு தட்டுக்கு ஒரு முறை மாறுங்கள், தவறினாலும் வலக்கையை நிறுத்த வேண்டாம், தினமும் பத்து நிமிடம்' என்பது பணி. கிட்டார் கற்பது வகுப்பில் நடப்பதில்லை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் வீட்டில் நடக்கிறது. அந்த ஆறு நாளை அவர் எப்படி நிரப்புகிறார் என்பதில் ஓர் ஆசிரியரின் தரம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். அடுத்த வகுப்பில் அதைப் பற்றி அவராகவே கேட்கிறாரா என்றும் பாருங்கள். கேட்காதவர் கொடுத்ததை மறந்துவிட்டார்.

சான்றிதழ் பற்றி. இங்கே பரவலாகப் புழங்குவது பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏபிஆர்எஸ்எம், ராக்ஸ்கூல் ஆகியவற்றின் கிரேடுகள். முதலாவது தேர்வு அமைப்பாக 1877 முதல் இருக்கிறது, இரண்டாவது 1889இல் தொடங்கியது, மூன்றாவது 1991இல். ஒருவர் மேல் படியான எட்டாம் கிரேடு தேறியிருக்கிறார் என்றால், தயாரித்த பாடல்களையும் ஸ்கேல், ஆர்பெஜியோ போன்ற பயிற்சிகளையும் தேர்வாளர் முன் ஒழுங்காக வாசித்திருக்கிறார், பெரும்பாலும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் தெரியும் என்று நம்பலாம். அது சிறிய செய்தி இல்லை; குறைந்தபட்சம் அடிப்படை தவறாக இருக்காது. ஆனால் அந்தத் தேர்வில் கற்பிக்கும் திறனை யாரும் சோதிப்பதில்லை. கற்பித்தலுக்கென்று தனி டிப்ளமோக்கள் உண்டு. டிரினிட்டியின் ஏடிசிஎல், எல்டிசிஎல் இரண்டிலும் கச்சேரிப் பிரிவு வேறு, கற்பித்தல் பிரிவு வேறு. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் எந்தப் பிரிவு என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். அதே மூச்சில் சொல்ல வேண்டும்: ஒரு சான்றிதழும் இல்லாத அருமையான ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்துக் கற்று, அங்கேயே அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் நம் ஊர்க் கிட்டார் வரலாற்றையே எழுத முடியாது. சான்றிதழ் இருந்தால் ஒரு மதிப்பெண் கூட்டுங்கள், இல்லாவிட்டால் குறைக்க வேண்டாம்.

இசைப் பள்ளியில் சேர்வதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டியது, எந்தப் பாடத்திட்டம் என்பது. கிளாசிக்கல் கிரேடு நைலான் கம்பிக் கிட்டாருக்கானது. அதன் கழுத்து கம்பி தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம். உங்களுடையது 43 ஒட்டி இருக்கும். கை வைக்கும் முறை, உட்காரும் முறை, விரலால் மீட்டும் முறை எல்லாமே வேறு. சேர்ந்து இரண்டு மாதம் கழித்து 'வேறு கிட்டார் வாங்குங்கள்' என்று சொன்னால் எரிச்சலாக இருக்கும். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்குக்கென்று டிரினிட்டியிலும் ராக்ஸ்கூலிலும் தனிப் பாடத்திட்டங்கள் உண்டு. பள்ளி அதைக் கற்பிக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், உங்களுக்குத் தேர்வு வேண்டுமா என்று யோசியுங்கள். தேதி நெருங்கினால்தான் கை ஓடும் என்ற ரகத்தைச் சேர்ந்தவர் என்றால் தேர்வு நல்லது. நண்பர்கள் நடுவே உட்கார்ந்து நான்கு பாட்டுக்கு வாசித்துப் பாட வேண்டும் என்பதே ஆசையென்றால், மூன்று தேர்வுப் பாடல்களையே மாதக்கணக்கில் அரைத்துக்கொண்டிருப்பது உங்களைக் கிட்டாரிலிருந்தே விரட்டிவிடலாம். கிரேடு வகுப்புகளில் இப்படி நடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்.

நீங்கள் வாசிக்க விரும்புவது தமிழ்த் திரைப்பாடல்கள் என்று எழுதியிருப்பதால், இதையும் சோதித்துவிடுங்கள். காணொளிகள் கற்றுத்தரும் ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டும் முறை, பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளத்துக்கானது. நம் பாடல்களில் ஆறு எண்ணிக்கை, அதாவது திஸ்ர நடையின் ஆட்டம், மிகுதி. நான்குக்கான மீட்டலை அதன் மேல் போட்டால் பாட்டு நொண்டும். ஏன் என்று தெரியாமல் உங்கள் கையையே நொந்துகொள்வீர்கள். ஆசிரியரிடம் உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைச் சொல்லி, இதை எப்படி மீட்டுவது என்று கேளுங்கள். அவர் முதலில் எண்ணிக்கையைக் கையால் தட்டிக் காட்டி, உங்களையும் தட்டவைத்து, பிறகு கிட்டாரைத் தொட்டால் மகிழ்ச்சி. பாடச் சொல்லி உங்கள் சுருதியைக் கண்டுபிடித்து, கேப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் எங்கே போட்டால் உங்கள் குரலுக்கும் எளிய கார்டுக்கும் பொருந்தும் என்று பார்த்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. மெல்லிசைக் குழுக் கலைஞர்கள் இந்த இடத்தில் பள்ளிகளைவிட ஒரு படி மேலே நிற்பார்கள்; பாடகருக்குப் பாடகர் சுருதியை மாற்றி வாசிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் ஆசை பின்னால் வரலாம். பிரசன்னாவைப் போன்றவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஃபிரெட் போட்ட கருவியில் கமகத்தைக் கம்பியை இழுத்தும் சறுக்கியும்தான் கொண்டுவர வேண்டும். அதற்குப் பாட்டு ஆசிரியர் ஒருவரும் கூடவே தேவைப்படுவார். இப்போதைக்கு அதை ஒத்திப்போடுங்கள்.

இணைய வகுப்பைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நேரில் கற்பதற்கு அது ஈடாகுமா என்பதில் என்னால் உறுதியாகப் பேச முடியாது. ஓரளவு கை பழகியவர்கள் அதில் நன்றாக முன்னேறுவதைப் பார்க்கிறேன். அடியோடு புதியவர்களுக்குச் சந்தேகம்தான். உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. இணைப்பில் ஏற்படும் சிறு தாமதத்தால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கும்போது தாளம் தானாக ஒட்டிக்கொள்ளும் அந்த நன்மை இல்லை. ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் கம்பி நாதத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அதை நிறுத்த அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது. முதல் வகுப்பிலேயே அதை மாற்றச் சொல்லி, கேமராவை முகத்திலிருந்து கைக்குத் திருப்பச் சொல்லி, சில நேரம் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலைக் காட்டச் சொல்லும் ஆசிரியர் தன் ஊடகத்தை அறிந்தவர். வகுப்பு முழுவதும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுபவரிடம், இலவசக் காணொளியைவிட அதிகமாக என்ன கிடைக்கப்போகிறது?

உங்கள் கிட்டாரை அவர் கையில் வாங்கிப் பார்க்கிறாரா என்பதும் ஒரு நல்ல அடையாளம். விலை குறைந்த கிட்டார்கள் கடையிலிருந்து வரும்போதே கம்பி உயரமாக இருக்கும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் ஆறாவது கம்பி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கைக்கு இதம். நான்கைத் தாண்டினால் தேர்ந்தவருக்கே வலிக்கும். சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைக்கும் எஃப் கார்ட் யாருக்கும் எளிதாக வராது என்பது உண்மை. ஆனால் கம்பி தொடங்கும் இடத்தில் உள்ள நட் உயரமாக இருந்தால் அது வரவே வராது, அது உங்கள் குற்றமும் ஆகாது. நல்ல ஆசிரியர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, பழுதுபார்ப்பவரிடம் அனுப்பி நட்டையும், மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சேடிலையும் தேய்க்கச் சொல்வார், அல்லது முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன் உள்ள செட்டுக்குப் பதில் மெல்லிய 0.010 செட்டை மாட்டச் சொல்வார். இரண்டுமே பெரிய செலவில்லை. எடுத்த எடுப்பில் 'இது தேறாது, இந்தக் கடையில் இந்த மாடலை வாங்குங்கள்' என்றால் சற்று நிதானியுங்கள். ஆசிரியருக்குக் கடையில் கமிஷன் கிடைப்பது உலக வழக்கம்தான். அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது, ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை.

வலி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இடக்கை விரல் நுனி முதல் சில வாரங்கள் எரிவது இயல்பு. தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டு, முன்கை, கட்டைவிரலின் அடிப்பகுதி ஆகியவை வலிப்பதும், விரல் மரத்துப்போவதும் இயல்பில்லை. பெரும்பாலும் தேவைக்கு மேல் இறுக்குவதாலோ மணிக்கட்டு அதிகம் மடங்குவதாலோ வருவது. கேட்டவுடன் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, உட்காரும் நிலையைப் பார்ப்பவர் பொறுப்புள்ளவர். 'வலியைப் பொறுத்தால்தான் வித்தை' என்று வீரம் பேசுபவரிடமிருந்து அன்றே விடைபெறுங்கள். ஓய்வு எடுத்தும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இதில் கிட்டார் ஆசிரியரின் கருத்தோ என் கருத்தோ செல்லாது.

இனி, என்னைப் போன்றவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ளவை. முதலிலேயே ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு) கற்க வேண்டுமா, கார்டும், எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று எண்ணால் காட்டும் டேபும் போதுமா? கிளாசிக்கலில் வளர்ந்தவன் என்பதால் நொட்டேஷன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டே கேளுங்கள். பாட்டுக்குத் துணையாக வாசிப்பதே குறி என்றால் முதல் ஆண்டு அது இல்லாமல் தாராளமாக ஓடும். குழு வகுப்பா தனி வகுப்பா? பிள்ளைகளுக்குக் குழுவில் உற்சாகம் பிறக்கும். கை நிலையில் சிக்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு முதல் மூன்று மாதமாவது தனி வகுப்புத்தான் பொருந்தும் என்பது என் கணிப்பு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் யார் கட்டைவிரலையும் யாராலும் பார்க்க முடியாது. வாரம் ஒரு வகுப்பா இரண்டா? அன்றாடம் இருபது நிமிடம் எடுக்க முடியாதவருக்கு இரண்டாவது வகுப்பு வீண். அந்த இருபது நிமிடம் இருந்தால், எளிய கார்டுகளை மாற்றி ஒரு மெதுவான பாட்டை நிற்காமல் வாசிக்கப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதம் போல ஆகிறது. ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாதத்தில் கிட்டார் என்ற விளம்பரத்தைப் பார்த்தால் புரட்டிவிட்டுப் போங்கள்.

பணத்தை மாதம் மாதமாகக் கொடுங்கள். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தள்ளுபடியின் விலை, பிடிக்காவிட்டாலும் வெளியேற முடியாமல் போவது. விடுபட்ட வகுப்புக்கு ஈடு உண்டா, ஆசிரியர் மாறினால் சொல்வார்களா என்று பள்ளியில் கேளுங்கள். அங்கே நீங்கள் சோதித்துப் பிடித்துப்போன ஆசிரியர் வேறு, தினமும் வகுப்பெடுக்க வருபவர் வேறு என்று ஆகிவிடக்கூடும். விலகுவது நம் ஊரில் சங்கடமான காரியம். குரு என்று ஒருவரை ஏற்றுவிட்டு விட்டுப்போவது துரோகம் போலத் தோன்றும், அதனாலேயே பலர் தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள், அல்லது சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். 'மாஸ்டர், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி' என்று நேரில் சொல்லிவிட்டு வந்தால் போதும். நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுப் பழகியவர்கள்தான்.

பிள்ளைக்காக ஆசிரியர் தேடும் யாராவது இதைப் படித்தால் ஒன்று: வகுப்பின்போது நான் உள்ளே உட்காரலாமா என்று முதல் நாளே கேளுங்கள். கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும்.

உங்கள் மூவருக்குள் என் சாய்வைக் கேட்டால், முதலில் மெல்லிசைக் கலைஞரிடம் அந்த ஒற்றை வகுப்புக்குப் போங்கள். பக்கத்துத் தெரு என்பது சின்ன வசதி இல்லை; மாலையில் அலுவலகம் முடிந்து நகரைக் கடந்து போக வேண்டிய வகுப்பு மூன்றாவது மாதம் தானாக நின்றுவிடும். அவருடைய காதும் உங்கள் பாட்டு ஆசையும் பொருந்துகின்றன. அவர் உங்கள் கையைப் பார்க்கிறாரா, வேகத்தைக் குறைத்துக் காரணம் சொல்லத் தெரிந்தவரா என்பது மட்டும்தான் கேள்வி. இல்லையென்றால் அடுத்து இசைப் பள்ளி, அக்கூஸ்டிக் பாடத்திட்டம் இருந்தால். இணைய வகுப்பைக் கடைசியில் வைக்கிறேன், கை நிலை திருந்திய பிறகு அதையும் யோசிக்கலாம். எங்கே போனாலும் அதற்கு முந்தின நாள் இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், பாடத்தை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் எடுத்துப்போங்கள்.